செவ்வாய்க்கிழமைக்காரி

"அவ வந்துட்டா போலிருக்கு அண்ணி. போய்க் கதவைத் திறங்க."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் போனதிலிருந்து நாத்தனார் இவ்வளவு தெளிவாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"எவ வந்துட்டா?"

"செவ்வாய்க்கிழமைக்காரி. காலைல அவர் போனைத் திறந்து பாத்தேன். 'செவ்வாய்'னு ஒரு நம்பர். வாராவாரம் செவ்வாய்க்கிழமை அதுக்குத்தான் பேசியிருக்கார். அன்னிக்குத்தான் அவருக்கு ஓவர்டைமும் வரும். கூப்பிட்டு, அவர் செத்துட்டார்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே அழுகை. நேர்ல வாடின்னு சொல்லிட்டேன்."

வீடு இருக்கிற லட்சணத்தில் இது வேறா? அந்த மனுஷன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அன்று காலையில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று நாத்தனார் ஒரு கத்துக் கத்தியிருக்கிறாள். ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லையா என்று கேட்டதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து, நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்று ஒரே புலம்பல். சோறு தண்ணி கிடையாது. நேற்று, "நானும் அவர்கிட்டயே போயிடறேன் அண்ணி" என்று ரொம்ப நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம்தான் அண்ணியைப் பயமுறுத்தியது. ஒரு காலத்தில் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேர். இப்போது அண்ணி தன் முந்தானையை அவள் முந்தானையோடு முடிந்துகொண்டுதான் படுக்கிறாள்.

கதவைத் திறந்தால் ஒரு நடுத்தர வயதுப் பெண். சாதாரணப் பருத்திப் புடவை, தோளில் பெரிய பை, அழுது வீங்கிய கண்கள். அண்ணி நினைத்து வைத்திருந்த மினுக்கு ஒன்றையும் காணோம். இதற்கா இத்தனை ஓவர்டைம் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

நாத்தனார் கட்டிலைவிட்டு எழவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா," என்றாள் வந்தவள்.

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எனக்கு ஒரு ரூம் இருக்கு. அங்க வருவார்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கூசாமல் சொல்கிறாளே!

"வந்து?"

"பேசுவார். சில நாள் அழுவார். நான் பக்கத்துல உட்காந்திருப்பேன்."

"என்கிட்ட சேந்தாப்ல நாலு வார்த்தை பேசாத மனுஷன், உன்கிட்ட வந்து அழுதாரா?" நாத்தனாரின் உதடு துடித்தது. "கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர் அழுது நான் பாத்ததே இல்ல. வீட்டுக்கு வந்தா டிவி, சாப்பாடு, தூக்கம். அவ்வளவுதான்."

வந்தவள் பார்வை அறையைச் சுற்றி வந்தது. கட்டிலருகே ஆடை படிந்து கிடந்த பால் டம்ளரைப் பார்த்தாள். வளையல் நழுவி விழுகிற அளவுக்கு இளைத்துப் போயிருந்த கையைப் பார்த்தாள்.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள் நாத்தனார். "பாழாப்போன ஒரு குழாய்க்காகக் கத்தி, அதனாலதான் போயிட்டார்னு. இப்ப நீ சொல்லு. அவர் செத்தது என்னாலயா, உன்னாலயா?"

சமையலறையில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களால இல்ல," என்றாள் வந்தவள். "என்னாலதான்."

எழுந்த வேகத்தில் நாத்தனார் விட்ட அறை கூடம் வரைக்கும் கேட்டது. வந்தவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

"வெளிய போடி! என் கண்ணு முன்னாடி நிக்காத!"

அவள் தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். நாத்தனாருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சட்டென்று டம்ளரை எடுத்து, ஆறிப்போன பாலை ஒரே மடக்கில் குடித்தாள்.

"நான் ஏன் அண்ணி சாகணும்? அவ நாசமாப் போறதைப் பாக்காம நான் சாக மாட்டேன். சோறு இருந்தாப் போடுங்க."

அண்ணிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. சோற்றைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டுமென்று வாசலுக்கு ஓடினாள்.

கேட்டருகே அவள் செருப்பை மாட்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் விரல் தடம்.

"ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? குடும்பத்தைக் கெடுத்ததும் இல்லாம, வீடு தேடி வந்து..."

"பால் குடிச்சாங்களா?"

"குடிச்சா. சோறும் சாப்பிடறா. அதனால உனக்கென்ன?"

அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். "பக்கத்துலயே இருங்கம்மா. இந்தக் கோபம் இருக்கிற வரைக்கும் அவங்க உயிரோட இருப்பாங்க. அது வடியும்போது என்னைக் கூப்பிடுங்க. நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன். செத்துடணும்னு ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லிட்டிருந்தவர் பக்கத்துலயே படுத்திருந்தும் தனக்குத் தெரியலயேங்கறத இன்னிக்கு அவங்களால தாங்க முடியாது."

"நீ... நீங்க யாரு?"

"மனநல ஆலோசகர். வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு, ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு என்கிட்ட சிகிச்சைக்கு வந்துட்டிருந்தார்."

அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப, உங்களாலதான் செத்தார்னு சொன்னது பொய்யா?"

"தெரியலம்மா," என்றாள் அவள். "போன செவ்வாய்க்கிழமை எழுந்து போகும்போது, 'அடுத்த வாரம் வரேன்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். நானும் நம்பிட்டேன்."