தண்ணீர் குடித்துவிட்டுப் போ

தேங்காய்களை எடை பார்க்கும் இயந்திரத்தில் வைத்தான்.

குளியலறையிலிருந்து அதை எடுத்து வந்து சமையலறை நடுவில் போட்டிருந்தான். முதலில் பழத்தட்டு. பிறகு பட்டுப்பாவாடை. இப்போது தேங்காய். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டான். அவனே ஓட்டிப்போகிற சின்ன விமானத்துக்குத் தாய்மாமன் சீரும் பாரம்தான்.

ஐந்து தேங்காய் மூன்றானது. இரண்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான்.

இரண்டு தேங்காயில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள் அவன் மனைவி.

கம்மல் பெட்டியை மட்டும் நிறுக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. டென்வரிலிருந்து மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்வரை ஒரு பென்சில் கோடு. அது மலைத்தொடரை நேராகக் கடக்கவில்லை. சாய்வாகப் போய்த் தொட்டது. ஏன் என்று முன்பு சொல்லியிருக்கிறான். நேராகப் போனால் திரும்ப இடமிருக்காது. சாய்வாகப் போனால், காற்று கீழே அமுக்கும்போது சட்டென்று விலகி வந்துவிடலாம்.

கோடையில் சொன்னபோது கேட்க நன்றாக இருந்தது.

இது ஜனவரி.

மலைக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை பொற்கொடி. அவள் மகளுக்கு இன்று காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளைக்கு இருப்பது ஒரே மாமன்.

காரில்தான் போவதாக இருந்தார்கள். நேற்று பனி சரிந்து கணவாய்ச் சாலையை மூடிவிட்டது.

"மடி இல்லாம எப்பிடிண்ணே குத்துறது?"

பொற்கொடி போனில் கேட்டது அவ்வளவுதான். வர்றேன் என்றுவிட்டான். வாக்குக் கொடுத்தாயிற்று. இனி மலைதான் பார்த்து வழிவிட வேண்டும்.

மனைவியும் புடவை எடுத்து வைத்திருந்தாள். நீ வேண்டாம் என்றான். பாரம் கூடுமாம்.

நாலு பேர் உட்காரும் விமானம் அது.

கைப்பேசியை எடுத்துக் கணவாயின் மேல் காற்று எவ்வளவு என்று பார்த்தான். எழுதினான். அழித்தான். மறுபடி பார்த்தான். அதே எண்தான். போகலாம் என்பதற்கும் கூடாது என்பதற்கும் நடுவில் நிற்கிற எண். விடிந்தால் காற்று ஏறிவிடும். அதற்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். இப்போதே கிளம்பினால் உண்டு. கொஞ்சம் தாமதித்தாலும் இன்றைக்கு இல்லை.

சீர்ப்பையை ஒட்டி இன்னொரு பை இருந்தது. கம்பளி, தீப்பெட்டி, பேரீச்சம்பழம். மேலாக, மடித்த ஆரஞ்சுத் துணி.

துணி எதற்கென்று அவளுக்குச் சற்று நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வெள்ளைப் பனியில் கிடந்தால், மேலிருந்து தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்கு.



போகாதீங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா. நாளைக்கு நாத்தனார் முகத்தில் விழிக்க வேண்டாமா. சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. முன்வைத்த காலைப் பின்வைக்காத வம்சம் என்று பெருமை வேறு.

அவன் குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

குளிரா என்று பார்த்தாள். வீட்டுக்குள் கதகதப்பாகத்தான் இருந்தது.

அவனுக்கும் பயம். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தேங்காயைக் குறைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டான். போய்ட்டு வர்றேன் என்றான். கதவைத் திறந்தான். குளிர் உள்ளே பாய்ந்தது.

ஒரு கால் வாசலுக்கு வெளியே.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை. அவன் குடும்பத்தில் யாருமே கேட்க மாட்டார்கள். கிளம்புகிறவரைப் பார்த்துக் கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு முறை பரீட்சைக்குப் புறப்பட்டவனைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தான். பஸ் போய்விட்டது. அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வான்.

ஆனாலும் குடித்திருக்கிறான்.

"எங்க போறீங்க?" என்றாள்.

வரைபடம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் விரிந்து கிடந்தது.

அவன் அசையாமல் நின்றான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டட்டும்.

அவளைப் பார்த்தான். வெளியே பார்த்தான். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தான். கதவைச் சாத்தினான். சீர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஒரு மிடறு. நிறுத்தினான். ஜன்னலைப் பார்த்தான். இன்னொரு மிடறு. கசாயம் குடிக்கிற பிள்ளை மாதிரிக் குடித்தான்.

ஜன்னலுக்கு வெளியே பைன் மரத்தின் நுனி மெல்ல ஆடத் தொடங்கியது.

தம்ளர் காலியாயிற்று. அவள் செம்போடு அங்கேயே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் குடு" என்றான்.

தளும்பத் தளும்ப ஊற்றினாள்.