மூன்று கிலோவுக்குள்

முள் நடுங்கியது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் தராசு தொங்கியது. குழந்தைகளை எடை பார்க்கும் தராசு. அதன் துணிப்பைக்குள் கேமரா உட்கார்ந்திருந்தது. கால் விடும் ஓட்டை வழியே லென்ஸ் எட்டிப் பார்த்தது.

தராசு பவுன்தாயுடையது. அவருடைய மனைவி. சுற்றுவட்டார ஊர்களுக்கு அவள்தான் நர்ஸ்.

“ரெண்டு தொள்ளாயிரம்,” என்றாள். “போன வாரத்துக்கு இருநூறு கம்மி. வேற வீடா இருந்தா தாய்க்காரியத் திட்டியிருப்பேன்.”

“இன்னொரு வாட்டி பாரு.”

“ரெண்டு தொள்ளாயிரம்தாங்க. அட்டை போட்டுத் தடுப்பூசியும் குத்திரவா?”

அவர் சிரிக்கவில்லை.

மூன்று கிலோ. அதற்கு மேல் தூக்கக் கூடாது. கண் டாக்டர் சொன்னது.

இடது கண் போய் எட்டு மாதம். வலது கண்ணின் விழித்திரையும் மெலிந்திருந்தது. கிழியலாம். கிழியாமலும் இருக்கலாம்.

எதிரே யானைமலை கிடந்தது.

முப்பது வருடம் கல்யாணப் போட்டோ எடுத்தவர். மலையை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

நாளைக் காலை கண்மாய்க் கரைக்குப் போக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் நடை. மாடியிலிருந்து எடுத்தால் மின்கம்பிகள் குறுக்கே வரும்.

சின்ன பிலிமில் எடுக்க மனம் வரவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு பிலிம் வேண்டும். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் அதில் விழ வேண்டும்.

அந்த அளவு பிலிம் போடும் கேமராக்களில், தேக்கில் செய்தது ஏழு கிலோ. புதிதாக வருவது இறகு மாதிரி. விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மிஞ்சியது இது. அந்தக் காலப் பத்திரிகைக்காரர்கள் தூக்கித் திரிந்த மடக்குக் கேமரா.

வந்தபோது மூன்றே முக்கால் கிலோ.

கழற்ற ஆரம்பித்தார்.

ஃபிளாஷ் மாட்டும் கை. தலைமேல் இருந்த பார்வைச் சட்டம். தூரம் பார்க்கும் கருவி. பின்பக்கத்து ஷட்டர், அதன் சுருள்வில்லோடு. ஒற்றைக் கண்ணுக்குத் திருகின் தலை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரியாது. ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் இறங்கும். கட்டை விரலில் நாலு காயம்.

கடைசியாகக் கேமராவின் மேல்தோலையும் உரித்தார்.

பார்க்க உதவியதெல்லாம் போயிற்று. பின்னால், லென்ஸ் காட்டும் உருவம் விழுகிற ஒரு மங்கலான கண்ணாடி மட்டும் இருந்தது.

பவுன்தாய் முக்காலியை விரித்தாள். முக்காலி அவள் பங்கு. கேமராவை அவரே தூக்கி வைத்தார்.

மூடிக்கொள்ளக் கறுப்புத் துணி வேண்டும். அவளுடைய பழைய உள்பாவாடை. நாடாவை இழுத்துக் கேமராவின் பின்பக்கம் முடிந்தால் ஒரு கீற்று வெளிச்சம் நுழையாது.

“சீக்கிரம் தலைய விடுங்க. பக்கத்து மாடிக்கு லூர்து அக்கா வத்தல் காயப்போட வர்ற நேரம். என்னன்னு சொல்லுவேன்?”

அவர் உள்ளே போனார்.

இருட்டு.

பிறகு, மலை.

தலைகீழாகத் தொங்கியது. மைல் கணக்கில் நீண்ட பாறை ஒரு கை அகலத்தில் அடங்கியிருந்தது. நசுங்கவில்லை. சிறுத்த மாதிரியும் இல்லை. அத்தனை பெரிதாகவே அடங்கியிருந்தது. கீழே வானம் தண்ணீராகக் கிடந்தது. ஒரு பருந்து அதில் நீந்திப் போயிற்று.

எட்டு மாதமாக எல்லாம் தட்டை. படி, டம்ளர், பவுன்தாயின் முகம்.

இங்கே எல்லோருக்கும் தட்டைதான்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு கண் போதும்.

அவர் வெளியே வந்தார். துணியின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தார்.

“நீ பாரு.”

“எனக்கு இதுல என்ன தெரியும்?”

“பாரேன்.”

குனிந்து நுழைந்தாள்.

“ஆத்தாடி.”

துணிக்குள் இன்னும் முன்னே நகர்ந்தாள்.

துணிக்கு அடியில் அவள் வலது கையைத் தேடிப் பிடித்தார். கேமராவின் பக்கவாட்டுக் குமிழில் வைத்தார். இடது கையில் பூதக்கண்ணாடியைத் திணித்தார்.

“இதைக் கண்ணாடில ஒட்ட வச்சுப் பாரு. குமிழை மெதுவாத் திருப்பு. தெளிவா வர்றப்ப நிறுத்து.”

தன் கையை அவள் கைமேல் வைத்துக்கொண்டார்.

வலது கண்ணை மூடினார்.

குமிழ் நகர்ந்தது. தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி தாண்டியது, இம்முறை கொஞ்சமாக.

நின்றது.

“உச்சியில ஒரு மரம் இருக்குங்க.”

அவர் பார்த்த வரையில் அது மொட்டைப் பாறை.

“ஆடுது.”

மாடியில் காற்றே இல்லை. அங்கே இருக்கிறது.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இலை இருக்கா?”