ஏழாம் எண்ணின் சம்மதம்

மாமியார் இடுப்புக்குத் தலையணை கொடுத்து, சோபாவில் சாய்ந்தபடி முனகினார். வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் நாடகம் என்று மருமகள் முடிவு கட்டினாள்.

"ஒரு வாரமாவா வலிக்கும்? நல்லா நடிக்கறீங்க அத்தை!"

"நடிப்பா? தினம் ஃப்ரிட்ஜ்ல ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போறியே, அது எழுத்தா, கோழிக் கிறுக்கலா? அதை முதல்ல சொல்லு."

மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே வேறு தலைவலி. ஏழாம் எண் கொடையாளரின் ஸ்டெம் செல்கள் மளமளவென்று வளர்வதைப் பார்த்து, கூட்டு ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டுக் குழுவுக்கு ஆசை வந்துவிட்டது. முழங்கால் ஆராய்ச்சிக்கென்று வாங்கியதைக் கண் ஆராய்ச்சிக்கும் அனுப்பச் சொன்னார்கள். மாலைக்குள் பதில் இல்லையென்றால் கூட்டு முறியும். அவளுடைய இரண்டு வருட உழைப்பும் அதோடு போகும்.

"இடுப்பெலும்புலேர்ந்து எடுத்தாச்சு. இனிமே யாரு கேக்கப் போறா? அனுப்பிடும்மா" என்றார் இயக்குநர்.

"முழங்காலுக்குன்னுதானே சார் கையெழுத்துப் போட்டாங்க? அவங்களைக் கேக்காம அனுப்பமாட்டேன்."

கொடையாளர் யாரென்று நர்ஸுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும், ஆராய்ச்சி செய்பவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் மருமகள் பெயர் போடாமல், கைப்பட ஒரு கடிதம் எழுதினாள். 'முகம் தெரியாத உங்களுக்குத் தங்கமான மனசு. அவ்வளவு வலியைத் தாங்கிக் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன்' என்று உருகி எழுதியபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. நர்ஸ் அதைக் கொடையாளரிடம் எடுத்துப் போனாள்.

நாலு மணிக்கு நர்ஸ் ஓடி வந்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க மேடம். சம்மதமாம்!"

மருமகள் கால் தரையில் படாமல் வீடு வந்து சேர்ந்தாள். மாமியார் அதே சோபாவில், அதே தலையணையோடு இருந்தார்.

"சும்மா முனகாதீங்க அத்தை. உலகத்துல எப்பேர்ப்பட்டவங்க எல்லாம் இருக்காங்க தெரியுமா? இன்னிக்கு ஒருத்தங்க செஞ்ச உதவிக்கு அவங்க கால்லயே விழலாம்!"

மாமியார் மெதுவாகக் காலை நீட்டினார்.

"விழு. அப்படியே கடுதாசில எழுதினதையும் வாயால சொல்லிடு, பாதி புரியல!"