திரும்பி வந்த பெட்டி

மோர்டனில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் தவமலரோடு வேலை செய்யும் லெஸ்யா, ஈஸ்டர் லீவுக்கு உக்ரேனுக்குப் புறப்பட்டாள். போர் நடப்பதால் அங்கே விமானம் போவதில்லை, போலந்திலிருந்து ரயில்தான். யுத்தத்துக்குள் ரயிலேறுகிறவளை வெறுங்கையோடு அனுப்பத் தவமலருக்கு மனம் வரவில்லை. ரொட்டியும் இடிசம்பலும் எவர்சில்வர்ப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

தவமலருடைய அண்ணையும் இப்படித்தான், சண்டைக் காலத்தில், கொழும்பு வேலையிலிருந்து தீபாவளிக்கு ரயிலேறினான். ரயில் யாழ்ப்பாணம் வந்தது. அவன் வரவில்லை. சின்னப் பெண்ணான தவமலர் சாப்பிடாமல் விடியும்வரை வாசலில் இருந்தாள்.

லீவு முடிந்து வந்த லெஸ்யா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: "சம்பல் எனக்குச் சரியான உறைப்பு. ரயிலில எனக்கு முன்னால இருந்த பெடியனுக்குக் குடுத்தன். உங்கட ஆக்கள் மாதிரி இருந்தான். ஆசையாச் சாப்பிட்டான்."

அவள் திருப்பித் தந்த பெட்டியைத் தவமலர் திறந்தாள். ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய மஸ்கட் இருந்தது. அண்ணை தீபாவளிக்குத் தீபாவளி கொழும்பிலிருந்து வாங்கிவரும் இனிப்பு. தொட்டால் இன்னும் மெத்தென்றிருந்தது.

"அவன் எங்க இறங்கினவன்?"

"இறங்கேல்ல. ரயில் பிந்துதாம். பெட்டி தந்த தங்கச்சி தன்னைப் பாத்துக்கொண்டிருக்காமல் சாப்பிட்டிட்டுப் படுக்கட்டாம்."