காரணக் கட்டம்

"அழிம்மா" என்றார் மேனேஜர்.

துணியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ஆறாம் தையல் லைனின் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகை. மணிக்கொரு முறை லைன் சூப்பர்வைசரான அவள் அதில் எழுத வேண்டும். எத்தனை பனியன் தைக்க வேண்டும், எத்தனை ஆனது, குறைந்தால் என்ன காரணம். கடைசிக் கட்டத்தில் எழுதியவரின் கையெழுத்து.

பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குள் தொண்ணூறு ஆகியிருக்க வேண்டும். ஆனது முப்பத்தெட்டு.

காரணக் கட்டத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தாள்.

நூல் வரவில்லை.

உண்மை அதுதான். கருநீல நூல் தீர்ந்து முப்பத்தைந்து நிமிடம் லைன் நின்றது. ஸ்டோருக்கு மூன்று முறை ஓடினாள். மூன்று முறையும் "வருது, போங்க" என்றார்கள். கழுத்துப் பட்டி வைக்கும் பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் வேலை வரவில்லை. பதினொன்றுக்குத்தான் நூல் வந்தது.

மேனேஜருக்கு வேறு காரணம் வேண்டும்.

"டெய்லர் தாமதம்னு போடு. பக்கத்துல அந்தத் தென்காசிப் பொண்ணு பேச்சியம்மா பேரைப் போடு. பன்னண்டு மணிக்கு பனியன் வாங்குற பையர் ஆளுங்க மேல வர்றாங்க. நூல் இல்லைன்னு பார்த்தா யாரைக் கேப்பாங்க?"

யாரைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நூலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

ஒரே மாதத்தில் மூன்று முறை காரணக் கட்டத்தில் பெயர் வந்தால் வேலை இல்லை. வேலை போனால் கம்பெனி விடுதியில் கட்டிலும் அன்றைக்கே போய்விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியதுதான்.

பேச்சியம்மாள் பெயர் இரண்டு முறை வந்தாயிற்று.

இரண்டையும் எழுதியது இந்தக் கைதான்.

முதல் தடவை கரண்ட் போனது. அடுத்த தடவை ஊசி உடைந்தது, மாற்று ஊசி வந்து சேரவில்லை. இரண்டு தடவையும் அவர் சொன்னார், அவள் எழுதினாள். டெய்லர் தாமதம், பேச்சியம்மாள். பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். சீ, என்ன பிழைப்பு!

பேச்சியம்மாள் சண்டைக்கு வரவில்லை.

"எழுதச் சொன்னா நீங்க என்னக்கா செய்வீய" என்று மட்டும் கேட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருக்கலாம்.

போன மாதம் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் வைத்தார்கள். வடையும் டீயும் உண்டு. நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நீங்கள்தான் பாலம் என்று ஒருவர் மைக்கில் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நல்ல பாலம்! மேலேயிருந்து வருகிற ஏச்சு மட்டும் தடையில்லாமல் வந்து சேரும். இங்கிருந்து நூல் வேண்டும் என்று கேட்டால் வழி அடைத்திருக்கும்.

"காது கேக்கலையா? அவளோட சேர்ந்து நீயும் வீட்டுக்குப் போறியா?"

போக ஆசையில்லை. வாடகை வீடு இருந்தது. பத்தாவது படிக்கும் பெண் இருந்தாள். பயமும் இருந்தது.  கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே அழிச்சுப்போட்டு எழுதுங்க சார். எழுதி, பக்கத்துல உங்க கையெழுத்தப் போடுங்க."

சத்தமாகவே சொன்னாள்.

முன்வரிசையில் ஒரு மெஷின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. பேச்சியம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தைத்தாள். கடைசியில் அவளும் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

மேனேஜர் துணியை வைத்து அழுத்தித் துடைத்தார். இரண்டு சொல்லும் அவள் கையெழுத்தும் போயின.

மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

காரணக் கட்டத்துக்கு நேரே கை போனது. கண், அதற்கடுத்த கட்டத்துக்குப் போனது. இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்து அந்தக் கட்டத்தில் ஒரு நாளும் விழுந்ததில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரே கொண்டுவந்த விதி.

மார்க்கர் பலகையைத் தொடவில்லை.

லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவர் மூடியைப் போட்டு மார்க்கரைப் பலகைக்குக் கீழே வைத்தார்.

"உனக்கு அப்புறம் இருக்கு" என்றார். காலரைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு விரைந்தார்.

இருக்கட்டுமே.

அவள் மார்க்கரை எடுத்தாள். பேச்சியம்மாள் வேண்டாம் என்று தலையாட்டுவது தெரிந்தது. பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

நூல் வரவில்லை.

முன்பைவிடப் பெரிதாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

பலகையில் கீழே இன்னும் இடம் இருந்தது.

ஆறாம் தேதி, கரண்ட் இல்லை. பேச்சியம்மாள் மேல் தவறில்லை.

பதினான்காம் தேதி, ஊசி இல்லை. பேச்சியம்மாள் மேல் தவறில்லை.

இரண்டுக்கும் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.  அவசரத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. படிக்க முடிந்தது.

கதவு திறந்தது.

அவள் பலகையை மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றாள்.