கிதோனி நீரூற்றின் மீன்கள்

2068 மார்ச்சில், கென்யப் புல்வெளியிலுள்ள கிதோனி நீரூற்றின் கடைசி நீர்யானை இறந்தது. ஏப்ரலில் ஏழு இயந்திர நீர்யானைகள் வந்தன. அவற்றைப் பராமரிக்கத் தூத்துக்குடியிலிருந்து பெனிட்டா வந்தாள்; கணவன் ரூபனும் கூட வந்தான்.

நீருக்கடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. பார்வையாளர்கள் அங்கிருந்து நீர்யானைகளைப் பார்த்து வியந்தார்கள். பெனிட்டாவுக்கு மீன்கள்தான் பிடிக்கும். கண்ணாடியில் அவள் விரல் போகும் பக்கமெல்லாம் அவை நீந்தி வரும். ஜூனில் அவை செத்து மிதக்கத் தொடங்கின. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒங்க கம்பெனியில அதுவளக் கொட்டாவி விட வச்சிருக்கீய, காத ஆட்ட வச்சிருக்கீய," என்றான் ரூபன். "சாணி போட வச்சீயளா?"

"சும்மா கெடங்க."

"கேலி இல்லட்டி. அந்த மீனுவளுக்குச் சாப்பாடே அதுதான்."

மறுநாள் முதல் பெனிட்டா பக்கத்து மாட்டுப்பட்டிகளிலிருந்து சாணம் கொண்டுவந்து, இயந்திரங்களின் வயிற்றில் நிரப்பினாள். மிஞ்சிய மீன்கள் தேறின. குஞ்சுகளும் தென்பட்டன.

தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று பார்வையாளர்கள் புகார் செய்தார்கள். சாணத்தை நிறுத்தச் சொல்லிச் சென்னையிலிருந்து மேலாளர் பேசினார்.

"மீனெல்லாம் செத்துரும் சார்."

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சும்மா."

டிசம்பரில், கடைசி மீனும் செத்த பிறகு, முந்நூறு இயந்திர மீன்கள் வந்தன. முதல் நாளே ஒரு நீர்க்காகம் அவற்றில் ஒன்றைக் கவ்வி, கரையில் போட்டுவிட்டுப் பறந்தது. அலகு பட்ட கீறலைப் பெனிட்டா சரிசெய்து, அதை மறுபடி நீரில் விட்டாள்.