கை வலிக்கிற பேட்

"எந்த பேட்ல அடிச்சா கை ரொம்ப வலிக்கும்?"

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அணிந்த, அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள். தவறாகச் சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார்.

"வலிக்காத பேட் வேணும்னு கேக்கறீங்க, அப்படித்தானேம்மா?"

"இல்லண்ணே. வலிக்கணும். நல்லா வலிக்கணும்."

"யாருக்கு?"

"இவளுக்கு." அம்மாள் பின்னால் நின்ற இளம்பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "என் மருமக. கல்யாணத்துக்கு முன்னாடியே பேஸ்பால் டீம்ல ஆடினவ."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் கடை திறந்து வைத்தாயிற்று. வந்தவருக்குச் சாமானைக் காட்டாமல் இருக்க முடியுமா? மூன்று பேட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூணுமே கூட்டு மரம். தனி மரம் சட்டுனு முறிஞ்சிடும்னு, வேற வேற பொருளைச் சேர்த்து ஒட்டிச் செய்யறது. இதுல உடம்பு மரம், கைப்பிடி கார்பன் நார். ரெண்டும் சேர்ற இடத்துல ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கு பாருங்க, பந்து எங்க பட்டாலும் அதிர்ச்சிய அது முழுங்கிடும். கைக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்ப அது வேண்டவே வேண்டாம்."

நல்ல விலைக்குப் போகிற பேட். கடைக்காரர் மனசில்லாமல் அதை ஓரம் தள்ளினார்.

"இது உள்ள மூங்கில், வெளிய மேப்பிள் மரம். ஓரளவு அதிரும். இது முழுக்க மூங்கில் பட்டைங்கள ஒட்டி அழுத்தினது, ஒரே துண்டு. லேசுல உடையாது. ஆனா விறைப்பு ஜாஸ்தி. பந்து தப்பி கைப்பிடிப் பக்கம் பட்டுச்சுன்னா தேள் கொட்டின மாதிரி சுரீர்னு ஏறும். அதனாலயே பாதிப் பேர் திருப்பிக் கொண்டாந்துடறாங்க."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "ரெண்டையும் அடிச்சுப் பாக்கலாமா?"

கடையின் பின்புறம் வலை கட்டிய இடத்தில் பந்து வீசும் மெஷின் இருந்தது. மருமகள் மேப்பிள் பேட்டுடன் போய் நின்றாள். கைக்கு உறை மாட்டப்போனவளை மாமியார் தடுத்தார்.

"உறையெல்லாம் எதுக்கு? வெறுங்கையில பிடி."

பந்து வந்தது. அடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"சரியா பாத்துச் சொல்லு. இன்னொண்ணு அடி. கைப்பிடிகிட்ட படற மாதிரி அடி."

மறுபடி அடித்தாள். மறுபடியும் ஒன்றும் இல்லை என்றாள். அவளுடைய இடது உள்ளங்கை செக்கச்செவேலென்று சிவந்திருந்ததைக் கடைக்காரர் கவனித்தார். அவளோ அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, பொண்ணு கையைப் பாருங்க!" என்றார்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்த மூங்கில் பேட்டக் குடுங்க."

கடைக்காரர் மூங்கில் பேட்டைக் கையில் எடுத்தார். அவரும் ஒரு பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பிவைத்தவர்தான். போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்பாள். அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? பேட்டை நீட்டுகிற சாக்கில் மருமகள் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னைக் கொடுமைப்படுத்தறாங்களாம்மா? பயப்படாம சொல்லு. நான் இருக்கேன்."

அவள் விழித்தாள். "யாரு, அத்தையா?" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அங்க என்ன பேச்சு? பந்து வரப்போகுது பாரு!" என்று மாமியாரின் குரல் அதட்டியது.

இன்னும் வியப்பு, அந்தப் பெண்ணே ஆசையோடு மூங்கில் பேட்டை வாங்கிக்கொண்டதுதான். அடி வாங்குகிறவளே பிரம்பைத் தேடி எடுத்துக் கொடுப்பாளா? கடைக்காரர் குழம்பிப்போய் நின்றார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

"நிறுத்துங்கம்மா. இந்த பேட்ட உங்களுக்கு விக்க மாட்டேன். வேற கடையைப் பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் மெஷின் பந்தைத் தள்ளிவிட்டது. மருமகள் பேட்டை வீசினாள். பந்து கைப்பிடிக்குச் சற்று மேலே பட்டு 'டக்'கென்றது. பேட் தரையில் விழுந்தது. அவள் இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை... வலிக்குது!"

"பாத்தீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுஷியா?" கடைக்காரர் கத்தியேவிட்டார்.

மாமியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஓடிப்போய் மருமகளின் எதிரே மண்டியிட்டு, அந்த இடது கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"வலிக்குது அத்தை! சுண்டுவிரல் வரைக்கும் வலிக்குது!" அழுதுகொண்டே சிரித்தாள் அவள்.

அம்மாள் மெல்லக் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"விபத்துல இந்த இடது மணிக்கட்டு நரம்பு அறுந்துபோயி, ஆபரேஷன் பண்ணி ஒட்டவெச்சு ஒரு வருஷம் ஆச்சுண்ணே. கை அசைஞ்சுதே தவிர, நெருப்புல வெச்சாலும் தெரியாது. இன்னைக்குத்தான் எம் பொண்ணுக்கு முதல்முதலா வலிக்குது!"